மாற்கு சுவிசேஷம் எங்கே முடிகிறது? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் பைபிளில் மாற்கு 16:9 முதல் 20 வரை அடைப்புக்குறிக்குள் இருக்கிறதே, ஏன்?

பதில்: மாற்கு முழுவதும் உள்ள மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் சினாய்ப் பிரதியும் வாட்டிகன் பிரதியும். இரண்டும் 4-ஆம் நூற்றாண்டுப் பிரதிகள். இரண்டிலும் அந்த 12 வசனங்கள் இல்லை. பெண்கள் கல்லறையை விட்டு ஓடுகிறார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பக்கத்துக்கு மூன்று பத்தியாக (செய்தித்தாள் 'காலம்' போல) எழுதிய வாட்டிகன் பிரதியில், லூக்கா தொடங்கும் முன் ஒரு பத்தி முழுக்க வெறுமையாக இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் பிற்காலத்தில் இட்டுக்கட்டியதா?

பதில்: அந்தச் சொல் வேண்டாம் தம்பி. சுமார் கி.பி. 180-லேயே ஆதித் திருச்சபை ஆயர் இரேனியு 16:19-ஐ மாற்கின் வசனமாகவே எடுத்தாள்கிறார். பழையதுதான், ஆனால் கை வேறு. மகதலேனா மரியாளைப் பாருங்கள். 15:40, 15:47, 16:1 என்று மூன்று முறை வந்துவிட்டவரை, 16:9 ஏழு பேய்கள் நீங்கியவர் என்று புதிய ஆளைப்போல அறிமுகப்படுத்துகிறது.

கேள்வி: கடைசி ஏடு தொலைந்திருக்கலாமே? 'ஏனெனில்' என்ற சொல்லில் எந்த நூலாவது முடியுமா?

பதில்: நல்ல கேள்வி. கிரேக்கத்தில் 16:8-இன் கடைசி இரண்டு சொற்கள் 'எஃபொபூன்டோ கார்'. முதல் சொல்லுக்கு 'பயந்தார்கள்' என்று பொருள். 'ஏனெனில்' என்று காரணம் சொல்லும் 'கார்' வாக்கியத்தின் முதலில் வராது, இரண்டாவதாகத்தான் வரும். ஆகவே இரண்டே சொல் உள்ள வாக்கியம் அதில்தான் முடிய வேண்டும். ஆதியாகமம் 18:15-இன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும், நான் நகைக்கவில்லை என்று சாராள் மறுத்ததும் இதே அமைப்புத்தான் வருகிறது. நம் பேச்சில் 'யார்கிட்டயும் சொல்லல. பயந்துட்டாங்க, அதான்' என்போமே, அந்த 'அதான்' இருக்கும் இடம் அது. தமிழ் பைபிள் பயத்தை முன்னே சொல்லி மௌனத்தில் முடிக்கிறது. மாற்கோ பயத்தில் முடிக்கிறார். ஏடு தொலைந்தது என்பாரும் உண்டு, எனக்கு அது தேவைப்படவில்லை.

கேள்வி: ஆராதனையில் 9–20 வாசிக்கலாமா?

பதில்: தாராளமாக. பாம்பை எடுக்கும் 18-ஆம் வசனத்தை மட்டும் வைத்து ஓர் உபதேசம் கட்டாதீர்கள்.

கேள்வி: உயிர்த்த இயேசுவைக் காட்டாமல் அது எப்படி நற்செய்தி ஆகும்?

பதில்: 'அவர் உயிர்த்தெழுந்தார்' என்று 16:6-லேயே சொல்லியாகிவிட்டது. 14:28-இல் கலிலேயாவுக்கு முந்திப் போவேன் என்று அவர் சொன்னதை 16:7 நினைவூட்டுகிறது. அப்புறம், அங்கே 'சீஷரிடம் சொல்லுங்கள்' என்றாலே போதும். பேதுருவும் சீஷர்தானே? ஆனாலும் 'பேதுருவிடமும்' என்று தனியாகப் பெயர் வருகிறது. மூன்று முறை மறுதலித்த பின் பேதுருவின் பெயர் முதல் தடவையாக வருவது அங்கேதான்.