பழைய சாமான்கள் நிறைந்த வீட்டுக்கு இஸ்லாமிய நட்சத்திர வடிவங்கள் பொருந்துமா?

தாத்தா காலத்துத் தேக்கு ஊஞ்சல், ஆத்தங்குடிக் கல், நேற்று வாங்கிய சோபா எல்லாம் கலந்து கிடக்கும் வீட்டில் இந்த வடிவங்களும் சேர்ந்தால் கண்ணை உறுத்துமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உறுத்தாது. ஒரே இடத்தில், பெரிதாக, அளவு பிசகாமல் வைக்க வேண்டும், அவ்வளவுதான். காட்பாடியில் எங்கள் கூடத்து மேற்கு ஜன்னலுக்கு எட்டுமுனை நட்சத்திர ஜாலி, அதாவது வடிவமாகத் துளை வெட்டிய மரத்தட்டி, போட்டிருக்கிறேன். முதல் தடவை வீணாய்ப் போனது. சதுரமான படம் ஒன்றைக் கொடுத்தேன். 4 அடி அகலம், 3 அடி உயர ஜன்னலுக்காகப் பட்டறையில் அதை அப்படியே பக்கவாட்டில் இழுத்து வெட்டிவிட்டார்கள். நட்சத்திரமெல்லாம் நசுங்கிப்போச்சு. பார்த்ததும் மனசே ஒடிந்துவிட்டது.

அப்புறம் ஆசாரி அண்ணனும் நானும் தரையில் சாக்பீஸும் நூலுமாக உட்கார்ந்தோம். ஜன்னல் அளவை ஓரடிக் கட்டங்களாகப் பிரித்தால் சரியாக 12. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு வட்டம். அதற்குள் ஒரு சதுரம். 45 டிகிரி திருப்பி அதன்மேல் இன்னொரு சதுரம். நட்சத்திரம் வந்துவிட்டது! நான்கு நட்சத்திரங்கள் கூடும் இடத்தில் சிலுவை வடிவம் தானாக விழுகிறது, யாரும் வரைய வேண்டாம். ஓரங்களில் அது சரிபாதியாக முடிந்தது. கோட்டுக்கு முக்கால் அங்குலம் விட்டு மிச்சத்தை வெட்டினார்.

அம்மா வாசலில் இருந்து வந்து எட்டிப் பார்த்து, "புள்ளிய எங்கடா காணோம்?" என்றார். கோலத்தில் புள்ளி அப்படியே நிற்கும். இதில் வட்டம் அழிந்துவிடும். அந்த வட்டத்தை நம்பித்தான் எல்லாமே இருக்கிறது. இந்தக் கணக்கு பிடிபடாமல் ஒட்டும் ஸ்டிக்கர் எதையும் வாங்காதீர்கள்.

மற்ற சாமான்களை மாற்றத் தேவையில்லை. எங்கள் திண்டு உறை குடியாத்தம் கட்டம்போட்ட லுங்கித் துணி. கட்டம் பொடிசு, நட்சத்திரம் ஓரடி, அதனால் இரண்டும் மோதிக்கொள்வதில்லை. ஒரே அளவில் இரண்டு டிசைன் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் தொல்லை.

ஸ்பெயினில் கிரானடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனையிலும் கீழ்ச்சுவரில்தான் வண்ண ஓடுகள், மேலே சுதைவேலை. சுவரை அப்படிப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் குர்ஆன் வசனம் உள்ள எழுத்தலங்காரத்தைக் கால்படும் இடத்தில் வைக்கவே கூடாது.

ஜாலிக்கு வண்ணம் பூசவில்லை, ஊஞ்சல் பலகையின் நிறத்துக்கே மெருகு போட்டோம். நாலு மணி வெயிலில் 12 நட்சத்திரமும் சிவப்புத் தரையில் நீண்டு கிடக்கும். அந்த நேரத்தில் அங்கே பாய் விரிக்க அம்மா விடுவதில்லை.