வாசகர் கேள்வி: பகுதி எண்களைப் பெருக்கினால் போதாதா?

கேள்வி: 5/84, 7/90 ஆகிய பின்னங்களைக் கூட்டும்போது, பகுதிகளை ஒன்றோடொன்று பெருக்கிப் பொதுப் பகுதியாகக் கொள்வது தவறா? மீச்சிறு பொது மடங்கைத்தான் தேட வேண்டுமா?

பதில்: தவறில்லை, வேலைதான் கூடும். பெருக்கினால் பொதுப் பகுதி 7560 ஆகி, விடை 1038/7560 என வந்து நிற்கும். அதை மீண்டும் 6 ஆல் சுருக்க வேண்டியிருக்கும். மாறாக, 84 = 2×2×3×7 என்றும் 90 = 2×3×3×5 என்றும் பகாக் காரணிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகா எண்ணும் எந்த எண்ணில் அதிக முறை வருகிறதோ அத்தனை முறை அதை எடுத்துப் பெருக்கினால், 2×2×3×3×5×7 = 1260 என்ற மீச்சிறு பொது மடங்கு கிடைக்கும். அப்போது கூட்டல் 75/1260 + 98/1260 = 173/1260 என்று முடிந்துவிடும்.

காரணிப்படுத்தக் கடினமான பெரிய எண்களுக்கு யூக்ளிடின் வழி கைகொடுக்கும்: 90ஐ 84 ஆல் வகுத்தால் மீதி 6, அந்த 6, 84ஐ மீதியின்றி வகுப்பதால் அதுவே மீப்பெரு பொதுக் காரணி. இரு எண்களின் பெருக்கற்பலனை அதனால் வகுத்தால், 7560 ÷ 6, அதே 1260தான்.

ஆனால் மீச்சிறு பொது மடங்கைப் பயன்படுத்தினாலே விடை சுருங்கிய வடிவில் வரும் என்று பலர் நம்புவது சரியன்று. 1/6 + 1/10 என்பது 8/30 ஆகிறது, அதை 4/15 என்று சுருக்கியே ஆக வேண்டும்.