51 கோல் அடிச்சும் ரெலிகேட் ஆன டீம்: வாசகர் கேள்வி, நம்ம பதில்

கேள்வி: சார், 2016ல பிரீமியர் லீக் சாம்பியன் ஆன லெஸ்டர் சிட்டி ஏழே வருஷத்துல ரெலிகேட் ஆகி கீழ் டிவிஷனுக்கு போச்சே, அதுக்கு கோச் பிரெண்டன் ராட்ஜர்ஸ் மட்டும்தான் காரணமா? என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் அவரைத்தான் திட்றாங்க.

பதில்: கோச்சை திட்றது ஈஸிங்க, ஆனா அதுக்கு முன்னாடி இந்த நாலு நம்பரை பாருங்க. லீக்ல லெஸ்டர் வாங்கின கோல் 2019-20ல 41, அடுத்த சீசன் 50, அப்புறம் 59, ரெலிகேட் ஆன 2022-23ல 68. வருஷத்துக்கு கரெக்டா ஒம்போது ஒம்போதா ஏறியிருக்கு! ஒரே ராத்திரில இடிஞ்ச டிஃபென்ஸ் இல்ல இது. மொத ரெண்டு வருஷம் அஞ்சாவது இடம், 2021ல எஃப்ஏ கப்னு இங்கிலாந்தோட நாக்-அவுட் கோப்பை வேற கையில, அந்த சந்தோஷத்துல பின்னாடி ஓட்டை பெருசாகிட்டே போறது யாருக்கும் உறைக்கல.

2022 சம்மர்லதான் கூத்தே. சாம்பியன் டீமோட கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேல் ஆகஸ்ட்ல நீஸ் போயிட்டார், அவர் இடத்துக்கு வெளியில இருந்து ஒரு மெயின் கீப்பரை எடுக்காம வருஷக்கணக்கா பெஞ்ச்ல இருந்த டேனி வார்டையே நிக்க வெச்சாங்க. மாசக் கடைசில, சீசன் ஆரம்பிச்சு மேட்ச் எல்லாம் ஓடிட்டு இருக்கும்போது, டிஃபென்ஸோட தூணான வெஸ்லி ஃபோஃபானாவை சுமார் 70 மில்லியன் பவுண்டுக்கு செல்சிக்கு வித்தாங்க, வந்த காசுல ப்ளேயர் வாங்கறதுக்கான கடைசி நாளான டெட்லைன் அன்னிக்கு பிரான்ஸ் கிளப் ரீம்ஸ்ல இருந்து டிஃபெண்டர் வௌட் ஃபாஸை எடுத்தாங்க, இதைத் தவிர அந்த சம்மர்ல வந்தது ரிசர்வ் கீப்பர் அலெக்ஸ் ஸ்மிதீஸ் ஒருத்தர்தான், அவரும் ஃப்ரீயா வந்தவர். ஓனரோட டியூட்டி ஃப்ரீ பிசினஸ் கொரோனால அடி வாங்கியிருந்துச்சு, சம்பள பில் எகிறிக் கிடந்துச்சு, வித்தாதான் வாங்க முடியும்ங்கற நிலைமை, அது வாஸ்தவம்தான். ஆனா விக்கறதை ஜூன்லயே வித்திருந்தா ரெண்டு மாசம் தேடி நிதானமா வாங்கியிருக்கலாமே? மொத ஏழு மேட்ச்ல ஒரே ஒரு பாயிண்ட், அதுல பிரைட்டன் அஞ்சு போட்டாங்க, ஸ்பர்ஸ் ஆறு போட்டாங்க.

ராட்ஜர்ஸ் சுத்தமா தப்பே பண்ணலன்னு சொல்ல மாட்டேன். முந்தின சீசன் பூரா கார்னர், ஃப்ரீகிக்னு வந்தாலே கோல் வாங்கிட்டு இருந்தாங்க, அது ட்ரெய்னிங்ல சரி பண்ண வேண்டிய விஷயம், அது அவர் தலைலதான்.

கேள்வி: லிவர்பூல் கிரவுண்டு ஆன்ஃபீல்டுல ஒரே மேட்ச்ல ரெண்டு சேம் சைடு கோல் போட்ட ஃபாஸ் எல்லாம் ஒரு டிஃபெண்டரா?

பதில்: 2022 டிசம்பர் 30, லிவர்பூல் மேட்ச் தானே? லெஸ்டர் நாலாவது நிமிஷமே லீட் எடுத்துட்டாங்க. அப்புறம் சைடுல இருந்து வந்த ஒரு கிராஸை கிளியர் பண்றேன்னு ஃபாஸ் கால வெக்க, பந்து வார்டு தலைக்கு மேல வளைஞ்சு போய் உள்ள விழுந்துச்சு. ஹாஃப் டைமுக்கு முன்னாடியே லிவர்பூலோட நூன்யெஸ் அடிச்சது போஸ்ட்ல பட்டு திரும்ப, அதையும் இவரே உள்ள தள்ளிட்டார். 2-1 தோல்வி, லிவர்பூல்காரன் ஒருத்தன்கூட கோல் போடல! சிரிப்புதான் வரும், ஆனா பாவம், டெட்லைன் அன்னிக்கு சைன் பண்ணி நேரா ஆட்டத்துல இறக்கி விடப்பட்ட ஆள், சீனியர் ஜானி எவன்ஸ் பாதி நாள் இஞ்சுரி, ஃபுல்பேக்ல ரிக்கார்டோ பெரெய்ராவும் ஜேம்ஸ் ஜஸ்டினும் குதிகால் நரம்பு (அக்கிலீஸ்) போய் வெளிய. பக்கத்துல நிக்கற ஆள் அடிக்கடி மாறினா யார் பந்துக்கு போறது, யார் கவர் பண்றதுன்னு எப்படி செட் ஆகும்?

கேள்வி: காசு இல்லன்னா ப்ளேயர்ஸை வித்து சமாளிச்சிருக்கலாமே?

பதில்: அங்கதான் பிளானிங் பல்ல இளிச்சுது. டீலமன்ஸ், சொயுன்ஜு, எவன்ஸ், அமார்ட்டே, மெண்டி, பெர்ட்ராண்ட்னு ஒரு கும்பலுக்கே 2023ல ஒண்ணா கான்ட்ராக்ட் முடிஞ்சுது. எஃப்ஏ கப் ஃபைனல்ல வின்னிங் கோல் போட்ட டீலமன்ஸ் ஆஸ்டன் வில்லாவுக்கு ஃப்ரீ, சொயுன்ஜு அட்லெட்டிகோவுக்கு ஃப்ரீ. ஒரு பைசா வரல! ஒரு ப்ளேயருக்கு கான்ட்ராக்ட்ல ரெண்டு வருஷம் மிச்சம் இருக்கும்போதே ஒண்ணு புது கையெழுத்து வாங்கணும், இல்ல வித்துடணும், கடைசி வருஷத்துல போய் கெஞ்சறது தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கிற கதைதான்.

கேள்வி: முன்னாடி கோல் வந்திருந்தா தப்பிச்சிருப்பாங்களோ?

பதில்: கோல் வந்துச்சுங்க, 51 அடிச்சாங்க. அதே சீசன் செல்சி 38 அடிச்சு 12வது, வுல்வ்ஸ் 31 அடிச்சு 13வது. இவங்க 34 பாயிண்ட்ல 18வது, அதாவது ரெலிகேட் ஆகற கடைசி மூணு இடத்துல ஒண்ணு. பிரச்சனை முன்னாடி இல்ல, பின்னாடிதான்.

கேள்வி: திரும்ப மேல வந்தப்பவாச்சும் டிஃபென்ஸை சரி பண்ணாங்களா?

பதில்: 2024-25ல 80 கோல் வாங்கி, 25 பாயிண்ட்ல மறுபடி ரெலிகேட். 38 வயசுலயும் சாம்பியன் டீமோட ஸ்ட்ரைக்கர் ஜேமி வார்டிதான் முன்னாடி ஓடிட்டு இருந்தார்.