சொந்த அரங்கில் நூலிழைத் தோல்வி: கூடைப்பந்து கேள்வி–பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியவை. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில், சொந்த ரசிகர்கள் முன்னால் இரண்டு மூன்று புள்ளியில் தோற்ற பெரிய அணிகள் பற்றி. அவற்றையே எடுத்துக்கொண்டோம்.

2022 தேசியப் போட்டியில் கெய்ட்லின் கிளார்க் ஆடிய ஐயோவா அணி தன் சொந்த அரங்கில் கிரெய்ட்டனிடம் 62–64 என்று தோற்ற ஆட்டத்தை வீடியோவில் பார்த்தேன். கடைசியில் விழுந்த அந்த மூன்று புள்ளி ஷாட் இல்லாவிட்டால் ஐயோவா ஜெயித்திருக்கும்தானே?
— கல்லூரி மாணவி, திருச்சி

அந்த ஷாட்டைப் போட்டவர் லாரன் ஜென்சன். முந்தைய சீசனில் ஐயோவாவுக்கு ஆடிவிட்டு கிரெய்ட்டனுக்கு மாறியவர். பழைய வீட்டுக்கு வந்து 19 புள்ளி எடுத்தார். அதனால்தான் எல்லோர் கண்ணும் அந்த ஒரு ஷாட்டிலேயே நிற்கிறது.

ஆனால் ஸ்கோர் ஷீட்டைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள். அந்த சீசனில் சராசரிப் புள்ளியில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த கிளார்க், அன்று 11 அசிஸ்ட், அதாவது கூடையில் முடிந்த பாஸ், கொடுத்தார்; ஆனால் எறிந்த 19 ஷாட்டில் உள்ளே போனது 4. மொத்தம் 15 புள்ளி. அந்த 19-ல் இன்னும் ஒன்றே ஒன்று விழுந்திருந்தாலும் கணக்கு வேறு.

நாற்பது நிமிட ஆட்டத்தில் ஒரு அணிக்குச் சுமார் 70 முறை பந்து கைக்கு வரும். நல்ல அணிக்குக்கூட ஒரு முறைக்கு ஏறக்குறைய ஒரு புள்ளிதான் கிடைக்கும். அப்படியானால் இரண்டு புள்ளித் தோல்வி என்பது இரண்டே வாய்ப்பு. முதல் குவார்ட்டரில் கவனமில்லாமல் கொடுத்த ஒரு பாஸ், இரண்டாவதில் கூடைக்கு அருகிலேயே தவறவிட்ட ஒரு லே-அப், அவ்வளவுதான். கடைசி ஷாட்டுக்குக் கொடுக்கும் மதிப்பை அவற்றுக்கும் கொடுக்க வேண்டும். எட்டாவது நிமிடத்தில் விழுந்த கூடைக்கும் அதே இரண்டு புள்ளிதான்.

தேசியப் போட்டியின் முக்கியமான ஆட்டத்தை ஒரு அணியின் சொந்த அரங்கில் நடத்துவது நியாயமா? ஆண்களுக்கு அப்படி இல்லையே?
— வாசகர், மதுரை

ஆண்கள் போட்டி பொதுவான இடங்களில்தான் நடக்கும். பெண்கள் போட்டியில் தரவரிசையில் முதல் 16 இடம் பிடித்த அணிகள் முதல் இரண்டு சுற்றைத் தங்கள் அரங்கிலேயே ஆடும். அரங்கம் நிறைய வேண்டும் என்பதுதான் இதற்கு முக்கியக் காரணம். சீசன் முழுக்க நன்றாக ஆடியதற்குக் கிடைக்கும் பலன் என்பதால் எங்களுக்கு இது நியாயமாகவே படுகிறது.

அதற்காக வெற்றி உறுதி என்று யாரும் நினைக்க வேண்டாம். போட்டியில் நான்கு பிரிவு, ஒவ்வொன்றிலும் ஒரு முதல் தரவரிசை அணி. 2023 மார்ச் 19 அன்று அப்படி முதல் தரவரிசை பெற்ற ஸ்டான்ஃபோர்டு தன் அரங்கில் மிசிசிப்பியிடம் 49–54 என்று தோற்றது. மறுநாளே இன்னொரு முதல் தரவரிசை அணியான இந்தியானா, மயாமியிடம் 68–70 என்று வீழ்ந்தது. இரண்டு நாளில் இரண்டு பெரிய அணிகள் வீட்டிலேயே வெளியேறின.

அந்த இந்தியானா ஆட்டத்தில், சமன் செய்த பிறகும் தோற்றார்களே. எங்கே சறுக்கினார்கள்?
— வாசகி, சேலம்

யார்டன் கார்சோன் மூன்று புள்ளி ஷாட் போட்டு 68–68 ஆக்கியபோது ஏழு வினாடிக்கும் குறைவாகத்தான் இருந்தது. அரங்கமே எழுந்து நின்றது. 3.5 வினாடி மீதமிருக்கையில் மயாமியின் டெஸ்டினி ஹார்டன் ஷாட் போட்டு முடித்துவிட்டார்.

இதில் ஒருவரைக் குறை சொல்வதை விட, அந்தச் சில வினாடிகளை எப்படி ஆட வேண்டும் என்று பார்ப்பது பயன்படும். சமன் செய்த அணிக்கு வரும் முதல் ஆபத்து கொண்டாட்டம். பந்து வலையைத் தாண்டியதுமே ஐந்து பேரும் தங்கள் ஆளைத் தேடித் திரும்பியிருக்க வேண்டும். கை உயர்த்திக் குதித்தால் ஒன்றரை வினாடி போய்விடும். அதற்குள் எதிரணியில் பந்தை எடுத்து வருபவர் நடுக்கோட்டைத் தாண்டிவிடுவார்.

அடுத்தது ஃபவுல். ஸ்கோர் சமமாக இருக்கும்போது ஷாட் போடுபவர் மேல் கை பட்டால் கடிகாரம் நின்று அவருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் போடும் ஒரு புள்ளி ஷாட். அதனால் கையை நேராக மேலே உயர்த்தி, உடம்பால் மட்டும் வழியை அடைத்து, கஷ்டமான ஷாட்டாக மாற்றுவதே வேலை. ஹார்டன் போட்டது போல அப்படியும் விழும் ஷாட் உண்டு. அதற்கு எந்த கோச்சிடமும் மருந்து கிடையாது.

மூன்று புள்ளி முன்னிலை, ஏழெட்டு வினாடி மீதம், பந்து எதிரணியிடம். வேண்டுமென்றே ஃபவுல் செய்யலாமா? எங்கள் அணியில் இதற்காகப் பெரிய சண்டையே நடக்கிறது.
— கல்லூரி அணித் தலைவி, கோவை

செய்யலாம் என்பதுதான் எங்கள் கட்சி. ஆனால் பயிற்சியில் செய்து பார்க்காத அணி ஆட்டத்தில் இதைத் தொடவே கூடாது.

காரணம் எளிது. ஃபவுல் செய்தால் அவர்களுக்குக் கிடைப்பது இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் விழுந்தாலும் நீங்கள் ஒரு புள்ளி முன்னால். விட்டுவிட்டால் ஒரே மூன்று புள்ளி ஷாட்டில் ஆட்டம் சமம்.

முதலில் உங்கள் அணியின் ஃபவுல் கணக்கு தெரிய வேண்டும். ஷாட் போடாதவர் மேல் செய்யும் ஃபவுலுக்கு, ஒரு குவார்ட்டரில் நான்கு வரை ஃப்ரீ த்ரோ கிடையாது. ஐந்தாவதிலிருந்து இரண்டு த்ரோ. இரண்டு ஃபவுல்தான் ஆகியிருக்கிறது என்றால் இன்னும் இரண்டு கையில் இருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகச் செலவழித்தால் எதிரணி ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து பந்தை உள்ளே போட வேண்டும், வினாடிகள் கரையும்.

எப்போது தொடுவது? பந்து கைக்கு வந்து, இன்னும் தரையில் தட்டிக்கொண்டிருக்கும்போது. முதுகு கூடையைப் பார்த்திருந்தால் இன்னும் நல்லது. ஏழிலிருந்து நான்கு வினாடிக்குள். பந்தைத் தூக்க ஆரம்பித்துவிட்டால் விட்டுவிடுங்கள். அங்கே தொட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ. ஷாட்டும் விழுந்து, கூடவே கிடைக்கும் ஒரு த்ரோவும் விழுந்தால் நான்கு புள்ளி. இந்த உத்தி பெரும்பாலும் வீணாவது இந்த இடத்தில்தான்.

எப்படித் தொடுவது? பந்தை நோக்கிக் கை போக வேண்டும். பின்னாலிருந்து ஜெர்ஸியை இழுத்தாலோ கட்டிப் பிடித்தாலோ அது அன்ஸ்போர்ட்ஸ்மன்லைக் ஃபவுல். இரண்டு த்ரோவும் கொடுத்து, பந்தையும் அவர்களுக்கே கொடுக்க வேண்டி வரும். இன்னொன்று: நம் ஊரில் பின்பற்றும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி நான்காவது குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்தில், பந்து உள்ளே போடுபவரின் கையை விட்டு வருவதற்கு முன்பே ஃபவுல் செய்தால் ஒரு த்ரோ, கூடவே பந்தும் எதிரணிக்கு. அவசரப்பட்டு முன்னாலேயே பிடித்துவிடாதீர்கள்.

பிறகு ரீபவுண்ட். முதல் த்ரோவைப் போட்டுவிட்டு, இரண்டாவதை வேண்டுமென்றே ரிம்மில் அடித்து, திரும்பி வரும் பந்தைப் பிடிக்கப் பார்ப்பார்கள். ஃபிபா ஆட்டத்தில் கோட்டு ஓரத்தில் உங்கள் பக்கம் மூன்று பேர், அவர்கள் பக்கம் இரண்டு பேர். கூடைக்கு அருகில் நிற்கும் உங்கள் இருவரும் பக்கத்தில் இருப்பவரை முதுகால் அடைக்க வேண்டும். மூன்றாமவரின் ஒரே வேலை, த்ரோ போட்டவரை அடைப்பது. நாங்கள் பார்க்கும் ஆட்டங்களில் அதிகம் மறந்துபோவது இந்த மூன்றாமவரைத்தான்.

அமெரிக்க ஆட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன். கடைசி நிமிட விதிகள் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுதானா?
— பள்ளி விளையாட்டு ஆசிரியை, தஞ்சாவூர்

இல்லை, சில இடங்களில் ஏமாந்துவிடுவீர்கள். இரண்டிலும் 10 நிமிடக் குவார்ட்டர் நான்கு, ஓவர் டைம் 5 நிமிடம், ஒருவருக்கு 5 ஃபவுல், 6-ஆம் எண் பந்து. இது வரை ஒன்று.

ஷாட் கிளாக், அதாவது பந்து கிடைத்த அணி ஷாட் போட வேண்டிய நேரம், அங்கே 30 வினாடி, நமக்கு 24. டைம் அவுட் எடுத்துவிட்டுப் பந்தை எதிர்ப் பாதிக்கு நகர்த்திக்கொள்ளும் வசதி அங்கே கடைசி 59.9 வினாடியில்; நமக்குக் கடைசி இரண்டு நிமிடத்தில். நம் விதியில் ஒரு பொறி உண்டு. அப்படி நகர்த்தினால் ஷாட் கிளாக்கில் 20 வினாடி இருந்தாலும் 14 ஆகிவிடும். முன்னிலையில் இருந்துகொண்டு நேரத்தைக் கடத்த நினைக்கும் அணி, பந்தைத் தன் பாதியிலிருந்தே எடுத்து வருவதுதான் லாபம்.

டைம் அவுட் நமக்கு இரண்டாம் பாதியில் மூன்று. அவற்றில் கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது. மூன்றாவதைச் சேர்த்து வைத்தால் வீண்.

கடிகாரத்தில் 0.3 வினாடி இருந்தால் நம் விதியில் பந்தைப் பிடித்து ஷாட் போடலாம். அங்கே 0.3 என்றால் தட்டிவிட மட்டும்தான் முடியும். நமக்கு அந்த நிலை 0.2-லும் 0.1-லும் வரும்.

கடைசி நிமிடத்தில் ஃப்ரீ த்ரோ மட்டும் எங்கள் பெண்களுக்கு விழவே மாட்டேன் என்கிறது. பயிற்சியில் பத்துக்கு எட்டு போடுகிறார்கள்.
— பகுதிநேரப் பயிற்சியாளர், நாகர்கோவில்

பயிற்சியில் எப்படிப் போடுகிறார்கள் என்று கவனியுங்கள். ஒரே இடத்தில் நின்று, மூச்சு வாங்காமல், தொடர்ந்து பத்து. ஆட்டத்தில் அப்படி ஒரு நிலை வருவதே இல்லை. ஓடி வந்து, இரண்டே இரண்டு போட்டுவிட்டு, திரும்ப ஓட வேண்டும்.

எனவே இரண்டிரண்டாகப் போடச் சொல்லுங்கள். ஒரு முனைக் கோட்டிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பும் ஓட்டம், உடனே இரண்டு த்ரோ. இப்படிப் பத்து முறை. முதல் த்ரோவையும் இரண்டாவதையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். முதலாவது மட்டும் அதிகம் தவறினால் அவர் மூச்சை நிதானப்படுத்தாமல் போடுகிறார் என்று அர்த்தம். நமக்கு 5 வினாடி உண்டு. பந்தை இரண்டு முறை தட்டி, ஒரு மூச்சை முழுதாக வெளியே விட்டுப் போட அது போதும். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் 10 வினாடி என்பதால் அங்கே பார்த்த நீண்ட சடங்குகளை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

பந்து எங்கே படுகிறது என்பதையும் பாருங்கள். ரிம்மின் முன்பக்கத்தில் பட்டு விழுந்தால் பெரும்பாலும் கையில் கோளாறு இல்லை, கால் களைத்திருக்கிறது. முழங்காலை இன்னும் இரண்டு விரல் அளவு மடக்கச் சொன்னாலே பந்து உயரும். இடமும் வலமுமாகப் போனால்தான் முழங்கை வெளியே விலகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கையும் அவர்களிடம் சொல்லுங்கள். பத்துக்கு ஏழு போடுபவருக்கு இரண்டும் விழும் வாய்ப்பு 49 சதவீதம்தான். முன்னிலையைக் காக்க இரண்டும் விழ வேண்டிய நேரத்தில் யார் கையில் பந்து இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரியும்.

குவார்ட்டர் முடிவில் ‘ஒன்றுக்கு இரண்டு’ என்கிறார்களே?
— வாசகர், புதுச்சேரி

கடிகாரத்தில் 32 முதல் 36 வினாடி இருக்கும்போது நீங்கள் ஷாட் போட்டுவிட்டால், எதிரணி 24 வினாடியை முழுக்கச் செலவழித்தாலும் கடைசிப் பந்து உங்களுக்கு வரும். அவர்களுக்கு ஒரு வாய்ப்பு, உங்களுக்கு இரண்டு. அமெரிக்க 30 வினாடிக்கு அதே கணக்கு 38 முதல் 42. மோசமான ஷாட்டை அவசரமாகப் போட்டால் பலனில்லை.

ஹார்வர்டு ஸ்டான்ஃபோர்டை வென்ற கதை உண்மையா?
— வாசகி, சென்னை

உண்மை. 1998 மார்ச் 14 அன்று 16-ஆம் தரவரிசை, அதாவது தன் பிரிவில் கடைசி இடத்தில் இருந்த ஹார்வர்டு, முதல் தரவரிசை ஸ்டான்ஃபோர்டை அதன் சொந்த அரங்கில் 71–67 என்று வென்றது. சொந்த அரங்கில் தொடர்ந்து 59 வெற்றி கண்டிருந்த அணி ஸ்டான்ஃபோர்டு. ஹார்வர்டின் அலிசன் ஃபீஸ்டர் 35 புள்ளி, 13 ரீபவுண்ட் எடுத்தார். ஆண்கள் போட்டியில் இப்படி ஒன்று நடக்க 2018 வரை ஆனது.

ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் ஸ்டான்ஃபோர்டின் வனெஸா நைகார்டு, கிறிஸ்டின் ஃபோல்கல் இருவருக்கும் முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிந்திருந்தது. ஃபீஸ்டரின் ஆட்டத்தை இது குறைத்துவிடாது. ஆனால் நம் கல்லூரி அணிகள் கவனிக்க வேண்டிய செய்தி இது. இந்தக் காயம் ஆண்களை விடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் வருகிறது. பாதிக்கு மேல் யாரும் மோதாமலேயே, குதித்து இறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோ. வார்ம்-அப்பில் வாரம் மூன்று நாளாவது பத்துப் பதினைந்து நிமிடம் குதித்து இறங்கும் பயிற்சி தேவை. இறங்கும்போது இரண்டு முழங்காலும் உள்நோக்கிச் சாயாமல், கால் விரலுக்கு நேராக நிற்கிறதா என்று எதிரில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும்.

இரண்டு புள்ளியில் தோற்ற மறுநாள் என்ன செய்வது? யாரும் வாய் திறப்பதில்லை.
— அணி வீராங்கனை, ஈரோடு

ஸ்கோர் ஷீட்டை எடுத்து வைத்து நான்கை எண்ணுங்கள்: தவறிய ஃப்ரீ த்ரோ, பந்தைப் பறிகொடுத்தது, எதிரணிக்குக் கொடுத்த இரண்டாம் வாய்ப்பு ரீபவுண்ட், தவறிய லே-அப். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எந்தக் குவார்ட்டர் என்று எழுதுங்கள். பெயர் எழுத வேண்டாம். பெரும்பாலும் முதல் மூன்று குவார்ட்டரில்தான் கோடுகள் கூடுதலாக விழும். கடைசி ஷாட்டைத் தவறவிட்ட பெண்ணிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். அவரைத் தேற்ற வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. அன்றைய பயிற்சியை அதிகக் கோடு விழுந்த வரியிலிருந்து ஆரம்பியுங்கள்.