இசைக் கேள்விகள்: எஸ்டோனிய மெட்டலும் நம்ம ஊர் மோனையும்

கே: காலேஜ் தோழி ஒருத்தி 'மெட்ஸாடோல்' என்ற மெட்டல் குழுவின் (கிதார் அதிரும் கனமான ராக் இசை) 'ஹீயெகோடா' ஆல்பத்தை அனுப்பினாள். பாடுவது எஸ்டோனிய மொழியாம். ஒரு வார்த்தை புரியவில்லை, நிறுத்தவும் மனசு வரவில்லை. "வெறும் இரைச்சல், இதில் நாட்டுப்பாடல் எங்கே இருக்கிறது?" என்கிறார் அப்பா. என்ன பதில் சொல்வது?
— கல்லூரி மாணவி, பெரம்பூர்

ப: நல்ல ஆல்பத்தில்தான்மா மாட்டியிருக்கிறீர்கள். 2004-இல் வந்தது. எனக்குத் தாம்பரம்–பீச் ரயிலில் பல நாள் துணை அதுதான்.

கிதாரைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, குரல்கள் வரும் விதத்தைக் கவனியுங்கள். எஸ்டோனியாவின் பழைய நாட்டுப்பாடலுக்கு ரெகிலவுல் என்று பெயர். வரிக்குப் பெரும்பாலும் எட்டு அசை. ஒருவர் வரியை எடுத்துக் கொடுப்பார். அது முடிவதற்குள்ளேயே, கடைசி ஓரிரு அசைகளில் மற்றவர்கள் சேர்ந்துகொண்டு முழு வரியையும் திருப்பிப் பாடுவார்கள். நடுவில் இடைவெளி விழாது. நாற்று நடும் பெண்கள் பாடிக் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. முதல் வரி சொன்ன சேதியையே அடுத்த வரி வேறு வார்த்தைகளில் சொல்லும், நம் ஒப்பாரியில் வருகிற மாதிரி. வரிக்குள் சொற்கள் ஒரே ஒலியில் தொடங்கும்; சுத்தமான மோனை! மெட்டோ நாலைந்து சுரங்களுக்குள் அடங்கிவிடும்.

மெட்டலுக்கு வாகாக அமைந்தது அந்தச் சின்ன மெட்டுதான் என்பது என் கட்சி. கீழே கிதார் ஒரே சுரத்தில் நின்று அரைக்கிறது. மேலே நாலு சுரத்தில் ஒரு பாட்டு சுற்றிச் சுற்றி வருகிறது. இரண்டும் ஒன்றின் இடத்தை மற்றொன்று பிடுங்குவதில்லை.

குழு தொடங்கியது 1998-இல். அடுத்த வருடம் லவுரி ஒவுனபூ வந்து சேர்ந்தார். புல்லாங்குழலும், டோருபில் என்ற பைக்குழலும், கன்னெல் என்ற தந்தி வாத்தியமும் அவரோடு உள்ளே வந்தன. டோருபில்லின் காற்றுப் பையை அந்நாட்டுக் கடலோரங்களில் கடல்நாயின் இரைப்பையில் செய்வது பழைய வழக்கம். மெட்டை ஒரு குழல் வாசிக்க, இன்னொரு குழல் ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிற அதே வேலை. ஹெட்ஃபோனில், சத்தத்தைக் குறைத்து, முதல் தடவை அந்தக் குழலை மட்டும் தொடர்ந்து போங்கள். போன் ஸ்பீக்கரில் குழலும் தந்தியும் அமுங்கிப்போய் இரைச்சல்தான் மிஞ்சும். அப்பா அப்படித்தான் கேட்டிருப்பார்.

அப்புறம் அவரிடம் இதையும் சொல்லுங்கள். அந்த நாட்டு ஜனத்தொகையே சுமார் 13 லட்சம். 1888-இல் யாகோப் ஹுர்ட் என்ற பாதிரியார், ஊரில் பெரியவர்கள் பாடும் பாட்டுகளை எழுதி அனுப்பும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். ஆயிரம் பேருக்கு மேல் எழுதி அனுப்பினார்கள்! டார்ட்டு நகரத்துக் காப்பகத்தில் அவை இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அதே டார்ட்டுவில் 1869-இல் தொடங்கிய பாட்டுத் திருவிழா இப்போது தலைநகர் தாலினில் நடக்கிறது. 1988 கோடையில் தாலின் பாட்டுத் திடலில் இரவிரவாகக் கூடி நின்று பாடிய ஜனங்கள், 1991-இல் சோவியத்திடமிருந்து விடுதலையை மீட்டார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் கிதார் பிடித்த பையன்கள் கொள்ளுப்பாட்டி காலத்துப் பாட்டைத் தேடிப் போனதில் என்ன ஆச்சரியம்?

கே: பொருள் அறிந்து கேட்பதே ரசனை என்று நினைப்பவன் நான். புரியாத மொழியில் பாட்டுக் கேட்டு என்ன பயன்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், குரோம்பேட்டை

ப: ஐயா, மார்கழியில் தியாகராஜர் கீர்த்தனைக்குக் கண் கலங்குகிற மயிலாப்பூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெலுங்கு தெரியுமா? பொருள் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மேடையில் தமிழ்ப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்றுதான் 1943-இல் இதே ஊரில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது என்பது உங்களுக்குத் தெரியும். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் காது முதலில் போகட்டும், பொருள் பின்னால் வரட்டும்.

நான் அப்படித்தான் வெல்யோ டோர்மிஸிடம் போய்ச் சேர்ந்தேன். எஸ்டோனிய இசையமைப்பாளர். இரும்பைச் சபிக்கும் ஒரு சேர்ந்திசையை 1972-இல் எழுதினார். ஒரு பொருளின் பிறப்பைச் சொன்னால் அதை அடக்கிவிடலாம் என்பது அந்தப் பக்கத்துப் பழைய நம்பிக்கை. அதனால் இரும்பு பிறந்த கதையைப் பாடிப் பாடியே அதைக் கட்டப் பார்க்கிறார்கள். போகப் போக நவீனப் போர் ஆயுதங்களும் பாட்டுக்குள் வந்துவிடுகின்றன. கூடவே ஒற்றைக் கொட்டு ஒன்று அதிர்கிறது. இந்தச் சேர்ந்திசையை, மேலே சொன்ன மெட்ஸாடோல், எஸ்டோனிய தேசிய ஆண்கள் சேர்ந்திசைக் குழுவுடன் சேர்ந்து பாடி 2006-இல் வெளியிட்டது. ஒருமுறை கேளுங்கள், பொருளைத் தேடிப் படியுங்கள், மறுபடி கேளுங்கள். அதற்குப் பிறகும் உங்கள் கேள்வி மிச்சமிருந்தால் எழுதுங்கள், ஐயா.

கே: நானும் நண்பர்களும் மெட்டல் வாசிக்கிறோம். தமிழில் இப்படி ஒன்று செய்ய ஆசை. உருமியும் பறையும் சேர்த்தால் போதுமா?
— கிதார் வாசிப்பவர், வியாசர்பாடி

ப: போதாது, தம்பி. வாத்தியத்தை மேலே ஒட்டவைத்தால் ஒட்டு தனியாகத் தெரியும். பாட்டின் நடை உள்ளே வர வேண்டும். 2018-இல் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானாவின் நடையிலிருந்தே பாட்டைக் கட்டியது. அந்தக் கானா உங்கள் தெருவில் இருக்கிறது. நா. வானமாமலை தொகுத்த நாட்டுப்பாடல்களையும் படியுங்கள்.

மெட்டுக்கு மட்டும் பாடுகிறவரிடமே போக வேண்டும். வீட்டில் பாட்டி பாடுவார் என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போனில் பதிவு செய்யுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், அந்த உறுமல் குரலுக்கு அடியில் பதிந்துவிட்டால் பிறகு சுலபத்தில் எடுக்க வராது. இன்னொன்று: உங்கள் டிரம்மர் கிளிக் டிராக் (ஒரே வேகத்தில் காதில் தட்டிக்கொண்டே இருக்கும் தாளம்) போட்டு வாசிக்கிறவரா? நடவுப் பாட்டு அதில் உட்காராது. நடுகிற கையின் வேகத்துக்கு அது நீளும், சுருங்கும். டிரம்மர்தான் இறங்கி வர வேண்டும்.

ஆல்பம் வெளிவரும்போது பாடிக் கொடுத்தவர் பெயரை உங்கள் பெயருக்கு முன்னால் போடுங்கள். பணம் வந்தால் அவருக்கும் பங்கு உண்டு.