லண்டன் அத்தான் தரும் மடக்குக் கத்தி: எதை வாங்குவது, எப்படிக் கொண்டு திரிவது?

கேள்வி: ஒட்டுசுட்டானில் இருந்து எழுதுகிறேன். தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் பூட்டிக் கொடுப்பது என் தொழில். மாங்குளம், நெடுங்கேணி, புதுக்குடியிருப்பு என்று மோட்டார் சைக்கிளில் திரிகிறேன். லண்டனில் இருக்கும் அத்தான் ஊருக்கு வரும்போது நல்ல மடக்குக் கத்தி ஒன்று கொண்டு வருகிறாராம். கிறிஸ் ரீவ் ஸ்மோல் செபென்சா 31, ஸ்பைடர்கோ பரா மிலிட்டரி 2 ஆகிய இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்கிறார். செபென்சாவின் அலகு மூன்று அங்குலத்துக்குக் குறைவு, அதனால் சட்டப் பிரச்சினை வராது என்கிறார். அதை எந்த நேரமும் இடுப்பில் வைத்திருக்கலாமா? இரவில் யானைப் பயம், கள்ளர் பயம். பாதுகாப்புக்கும் உதவும்தானே?

பதில்: இரண்டில் ஒன்றுதான் என்றால் செபென்சாவை எடுங்கள். ஆனால் அத்தான் சொன்ன காரணத்துக்காக அல்ல. அதை இடுப்பிலும் வைக்காதீர்கள். உங்கள் கேள்வியின் கடைசி வசனத்தை இனி எவரிடமும் சொல்லாதீர்கள். அது ஏன் என்று கீழே விளக்குகிறேன்.

முதலில் அந்த மூன்று அங்குலக் கணக்கு. அது இங்கிலாந்தின் 1988 ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139 ஆம் பிரிவில் இருந்து வருகிறது. பொது இடத்தில் கூரான பொருளைக் கொண்டு திரிவது அங்கே குற்றம். வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்தைத் தாண்டாத மடக்குக் கத்திக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கும் பூட்டு இல்லாத கத்திக்குத்தான். அலகை விரித்தபின் பூட்டிக்கொள்ளும் கத்தி மடக்குக் கத்தியாகக் கருதப்படாது என்று ஹரிஸ் வழக்கில் அங்குள்ள நீதிமன்றம் தீர்த்துவிட்டது. செபென்சா பூட்டு உள்ள கத்தி. அலகு 2.99 அங்குலமாக இருந்தாலும், தகுந்த காரணம் இல்லாமல் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லண்டன் தெருவில் நடந்தால் உங்கள் அத்தானே மாட்டுவார். அந்த அளவுகோலை முல்லைத்தீவு வீதியில் பிடித்து நிற்பதில் அர்த்தமில்லை.

இங்கே கத்தி தொடர்பாகப் பிரித்தானியர் காலத்துக் கட்டளைச் சட்டம் ஒன்று உண்டு. பிற்காலத்தில் வந்த ஆயுதச் சட்டங்களும் உண்டு. கத்தியால் ஒருவருக்குக் காயம் வந்துவிட்டால் தண்டனைச் சட்டக்கோவை வரும். எந்தச் சட்டத்தின் கீழ் இழுத்தாலும், வீதியில் மறிக்கும் உத்தியோகத்தரும் பின்னர் நீதவானும் கேட்கப்போகும் கேள்விகள் ஒன்றுதான்: இது என்ன பொருள்? இந்த நேரத்தில், இந்த இடத்தில், இவரிடம் ஏன் இருக்கிறது? எப்படி வைத்திருந்தார்? உங்கள் தெரிவை இந்தக் கேள்விகளை வைத்தே செய்ய வேண்டும். உருக்கின் தரத்தைப் பற்றி எந்த நீதவானும் கேட்கமாட்டார்.

பரா மிலிட்டரி 2 இன் அலகு ஏறத்தாழ 87 மில்லிமீற்றர். நுனி ஊசிபோல மெலிந்து போகும். அலகில் உள்ள வட்டத் துளையில் பெருவிரலை வைத்துத் தட்டினால் கண் இமைக்கும் நேரத்தில் விரிந்து ‘சடக்’ என்று பூட்டும். வேலைக்காரனுக்கு இது வசதிதான். ஒரு கையில் குழாயைப் பிடித்தபடி மற்றக் கையால் விரிக்கலாம். ஆனால் சோதனைச் சாவடியில் உத்தியோகத்தர் தன் கையில் எடுத்து ஒருமுறை தட்டிப் பார்த்தால் அவர் மனதில் எழும் படம் வேறு. அதற்குள் விசை எதுவும் இல்லை, கை வேகத்தால்தான் விரிகிறது என்று நடுவீதியில் நின்று விளக்குவது இலகுவல்ல. பெயர் இன்னொரு தலையிடி. கத்தி உங்களுடையது என்று காட்ட வைத்திருக்கும் பற்றுச்சீட்டிலேயே ‘மிலிட்டரி’ என்று அச்சடித்திருக்கும். வன்னியில் அந்தச் சொல் பதிந்த கடதாசியோடு வாதாட எந்தச் சட்டத்தரணியும் விரும்பமாட்டார். இதே கத்தி இராணுவ உடை நிறத்துப் பிடியோடும் விற்பனைக்கு வருகிறது. அத்தான் மலிவு என்று அதைத் தூக்கிவிடப் போகிறார், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஸ்மோல் செபென்சாவின் அலகு 76 மில்லிமீற்றர், நிறை ஏறத்தாழ 85 கிராம். பிடி சாம்பல் நிற டைட்டேனியம். நுனி கூர்தான், ஆனாலும் பராவைப்போல ஊசியாக நீளாது. பெருவிரல் குமிழால் நிதானமாக விரியும். பார்வைக்கு அலுவலகப் பொருள்போல இருக்கும். அந்தச் சாதுவான தோற்றம் உங்களுக்கு நன்மை. தொழில் பக்கமும் பாருங்கள். இப்போது அதில் வரும் மக்னாகட் உருக்கு துருவை நன்றாகத் தாங்கும். கரையோரம் வேலைக்குப் போகிறவருக்கும், உரப்பை வெட்டிய கையோடு கத்தியை மடக்கி வைக்கிறவருக்கும் அது பெரிய விடயம். யூரியாத் தூளும் ஈரமும் சேர்ந்தால் சாதாரண உருக்கில் இரவோடிரவாகப் புள்ளி விழும். கூடவே வரும் சிறு சாவியால் கழற்றி மண்ணைத் துடைத்துத் திருப்பிப் பூட்டலாம். ஒன்று மட்டும்: வீட்டுச் சாணைக்கல்லில் இந்த உருக்குக்கு முனை ஏற்றக் கை நோகும். வைரத்தூள் பதித்த தகடு ஒன்றையும் அத்தானிடம் சேர்த்துக் கேளுங்கள்.

விலை 400 அமெரிக்க டொலருக்கு மேல். எங்கள் காசில் ஒரு இலட்சத்தைத் தாண்டும். பறிமுதலானால் போவது அத்தனை காசு. உங்கள் வேலை பெரும்பாலும் 16 மில்லிமீற்றர் குழாய் வெட்டுவதும் கயிறு அறுப்பதும் என்றால், நேரான வெட்டுக்குக் குழாய் வெட்டி ஒன்றும், மற்றதுக்கு விக்டோரினொக்ஸின் பூட்டில்லாத சிறு கத்தி ஒன்றும் போதும். குழாயைக் கத்தியால் சாய்வாக வெட்டி இணைப்பியில் செருகுவதால்தான் பாதி இடங்களில் நீர் கசிகிறது. கேட்ட இரண்டில் இது இல்லை என்று தெரியும். சொல்லாமல் விட மனமில்லை.

கொண்டு வருவது வேறு, கொண்டு திரிவது வேறு. விமானத்தில் கத்தி கைப்பொதியில் வரக்கூடாது, ஒப்படைக்கும் பொதிக்குள்தான் இருக்க வேண்டும். கட்டுநாயக்கவில் சுங்கம் கேட்டால் அத்தான் மறைக்கக்கூடாது. வேலைக்கான மடக்குக் கத்தி என்று சொல்லிப் பற்றுச்சீட்டைக் காட்டட்டும். சுங்கம் விட்டதால் வீதியில் கொண்டு திரிய அனுமதி கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பற்றுச்சீட்டோடு, இதை உங்களுக்கு அன்பளிப்பாகத் தந்ததாக அத்தான் திகதியிட்டு இரண்டு வரி எழுதிக் கையொப்பமிட்டுத் தரட்டும். பெட்டிக்குள் வரும் அட்டையையும், அடிமட்டம் ஒன்றின் அருகே விரித்து வைத்த கத்தியையும் படம் எடுத்து வையுங்கள்.

இனி வைக்கும் இடம். கொழுக்கியால் காற்சட்டைப் பையில் மாட்டுவது, இடுப்பில் செருகுவது, சாரத்து மடிப்பில் வைப்பது எதுவும் வேண்டாம். குழாய்த் துளையிடும் கருவி, இணைப்பிகள், நூல்நாடா, வாள்தகடு எல்லாம் கிடக்கும் கருவிப் பைக்குள், மடக்கியபடி, உறைக்குள் வையுங்கள். பையைத் திறந்த உடனேயே இது ஒரு தொழிலாளியின் பை என்று தெரிய வேண்டும். நீங்கள் வாயால் சொல்வதைவிட அந்தப் பை உரக்கப் பேசும். வணிகப் பதிவு இருந்தால் அதன் பிரதி, இல்லாவிட்டால் உங்கள் தொழிலைக் குறிப்பிட்டுக் கிராம அலுவலர் தரும் கடிதம், அன்றைய வேலைக்கான விலைக்கோரல் தாள்: இவற்றையும் பைக்குள் வையுங்கள். இவை அனுமதிப்பத்திரம் அல்ல. உங்கள் விளக்கத்துக்கு ஆதாரம், அவ்வளவுதான்.

வேலை இல்லாத நாளில் கத்தி வீட்டில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கலியாண வீட்டில், அதுவும் இரண்டு போத்தல் பியருக்குப் பிறகு, ‘குழாய் வெட்ட வைத்திருக்கிறேன்’ என்பது எடுபடாது. வற்றாப்பளைப் பொங்கல், மடுப் பெருநாள், வாக்களிப்பு நிலையம், வைத்தியசாலை, நீதிமன்ற வளவு, இந்த இடங்களுக்குக் கருவிப் பையோடும் போக வேண்டாம். சொந்த வழக்குத் தவணைக்கு வந்து நீதிமன்ற வாசலில் பைச் சோதனையில் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது அந்தக் கடைசி வசனம். ‘இது ஏன்?’ என்று கேட்டால் எங்கள் ஆட்களின் வாயில் முதலில் வருவது ‘சும்மா, ஒரு பாதுகாப்புக்கு’. அந்த ஒரு சொல்லால், ஆளைக் காயப்படுத்தும் நோக்கோடுதான் கத்தியை வைத்திருக்கிறீர்கள் என்று நீங்களே வாக்குமூலம் கொடுத்துவிடுகிறீர்கள். பிறகு எத்தனை பற்றுச்சீட்டுக் காட்டினாலும் அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க முடியாது. இதனால் பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மையிலேயே பாதுகாப்பு நோக்கம் இருந்தால் அதை விடுங்கள் என்கிறேன். யானைக்கு முன்னால் 76 மில்லிமீற்றர் அலகு எதற்கு உதவும்? வெளிச்சமும் தூரமும்தான் உதவும். கள்ளர் விடயத்தில், தற்காப்பு உரிமை தண்டனைச் சட்டக்கோவையின் 89 ஆம் பிரிவு முதல் சொல்லப்படுகிறது. ஆனால் 92 ஆம் பிரிவு அதற்கு வேலி போடுகிறது: தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது, அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் உரிமையே இல்லை. அவன் தடியோடு வந்து, நீங்கள் கத்தியை விரித்து, அவனுக்குக் காயம் வந்தால் 315 அல்லது 317 ஆம் பிரிவில் நிற்கப்போவது நீங்கள். கையால் அடித்த காயத்தைவிட வெட்டும் கருவியால் வந்த காயத்துக்குச் சட்டம் கடுமை.

மறித்தால் என்ன செய்வது? கத்தியை நீங்களே எடுத்து விரித்துக் காட்டாதீர்கள். ‘பைக்குள் மடக்குக் கத்தி ஒன்று இருக்கிறது, சொட்டுநீர்க் குழாய் வேலைக்கு’ என்று முதலே சொல்லிவிட்டு அவரையே எடுக்க விடுங்கள். அவர் அதை வைத்துக்கொண்டு ‘நீ போ’ என்றால் பேசாமல் போய்விடாதீர்கள். கைப்பற்றிய பொருளை உடனே நீதவானுக்கு அறிக்கையிட வேண்டும் என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431 ஆம் பிரிவு சொல்கிறது. உத்தியோகத்தரின் பெயர், இலக்கம், பொலிஸ் நிலையம், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, கத்தியின் பெயரையும் நிறத்தையும் எழுதி ஒரு குறிப்புத் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். ‘கத்தி 01’ என்று மட்டும் எழுதினால் நாளைக்கு நீதிமன்றக் களஞ்சியத்தில் இருந்து வருவது உங்கள் கத்தியாக இராமலும் போகலாம்.

கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 13(1) ஆம் உறுப்புரை அது. பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 37 ஆம் பிரிவு அது. விளங்காத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பம் வைக்காதீர்கள். வடக்கில் தமிழில் எழுதும்படி கேட்பது உங்கள் உரிமை. 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டப்படி பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விலக்கு. பொலிஸ் நீதிமன்றில் போட்ட ‘பி அறிக்கை’யின் (சம்பவத்தை நீதவானுக்கு அறிவிக்கும் அறிக்கை) பிரதியை முதல் நாளே எடுத்து, எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று உங்கள் சட்டத்தரணி பார்க்கட்டும். கத்தி வைத்திருந்ததை மட்டும் சொல்லியிருக்கிறார்களா, இல்லாவிட்டால் மிரட்டல், தாக்குதல் ஏதும் சேர்த்திருக்கிறார்களா என்பது அங்கேதான் தெரியும். சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட நிலையத்தில் கேளுங்கள்.

நீதிமன்ற வளவில் யாராவது வந்து ‘ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டிவிட்டுப் போ, பின்னேரத்துக்குள் முடிந்துவிடும்’ என்பார்கள். முடிவது அன்றைய அலைச்சல் மட்டும். குற்றத்தீர்ப்பு பதிவாகும். நாளைக்கு வெளிநாடு போகப் பொலிஸ் நற்சான்று எடுக்க நேர்ந்தால் அது வெளியே வரும். கத்தியும் அரசுடைமையாகலாம். தொழில் ஆதாரம் கையில் இருந்தால் வழக்கைப் பேசலாம். உண்மை உங்களுக்குப் பாதகமாக இருந்தாலும், முன்குற்றம் இல்லாதவர் என்றும் விடயம் சிறியது என்றும் காட்டி, குற்றவாளி என்று தீர்க்காமல் எச்சரித்தோ நிபந்தனையோடோ விடுவிக்கும்படி குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306 ஆம் பிரிவில் விண்ணப்பிக்க இடம் உண்டு. கத்தியைத் திருப்பித் தரும்படி கேட்பது வேறு விண்ணப்பம். வழக்கு முடியும்போது அதே சட்டக்கோவையின் 425 ஆம் பிரிவின் கீழ் அன்றே கேட்க வேண்டும், பற்றுச்சீட்டும் அன்பளிப்புக் கடிதமும் அப்போதுதான் பயன்படும். பதிவாளரிடம் கத்தியை வாங்கும்போது படத்தோடு ஒப்பிட்டு, ஒருமுறை விரித்து மடக்கி, பூட்டு இறுகப் பிடிக்கிறதா, அச்சாணிப் பக்கம் துரு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பதிவேட்டில் கையொப்பம் வையுங்கள்.