பழைய இராணுவ ஜீப் வாங்க ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி கேட்டவருக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். மலேசியாவில் இரண்டாம் உலகப் போர் கால ஜீப் விற்பனைக்கு வந்தால் அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஹெல்மெட், பதக்கம், தோட்டாப் பெட்டி போன்றவற்றையும் கூடவே சேர்க்கலாமா? இதெல்லாம் எங்கே கிடைக்கும்?

நான் நிபுணன் இல்லை. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். அப்பா தோட்டத்தில் துரைக்கு டிரைவராக இருந்தவர். நான் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன். இதுவரை இரண்டு பழைய வண்டி வாங்கியிருக்கிறேன். ஒன்றில் ஏமாந்தேன். இன்னொன்று வீட்டு வாசலில் எண்ணெய் ஒழுக நிற்கிறது. ஏமாந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் முதல் கேள்விக்கு அதில்தான் பதில் இருக்கிறது.

“1943 வில்லிஸ், பிரிட்டிஷ் ஆர்மி விட்டுப் போனது” என்று ஒருவர் விளம்பரம் போட்டிருந்தார். போய்ப் பார்த்தேன். மங்கிய பச்சை நிறம், பானட்டில் வெள்ளை நட்சத்திரம், பின்னால் ஜெர்ரி கேன், பக்கத்தில் மண்வெட்டியும் கோடரியும் வாரில் கட்டியிருந்தன. எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. 22,000 வெள்ளி (ரிங்கிட்) எண்ணிக் கொடுத்து லாரியில் ஏற்றி வந்தேன். அப்பா வெளியே வந்தார், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இதுல ஏன்டா பின்கதவு இருக்கு?”

அப்போது புரியவில்லை. அப்புறம் படித்துப் பார்த்ததில்தான் வயிறு கலங்கியது. போர்க்கால ஜீப்புக்குப் பின்கதவே கிடையாது. பின்பக்கத் தகடு மூடியே இருக்கும், ஸ்பேர் டயர் அதன்மேல் தொங்கும். 1941 முதல் 1945 வரை வில்லிஸ் கம்பெனி ‘எம்பி’ என்றும், ஃபோர்ட் கம்பெனி ‘ஜிபிடபிள்யூ’ என்றும் ஒரே அச்சில் செய்த வண்டிகள் அவை. இரண்டும் சேர்த்துச் சுமார் 640,000 வண்டிகள். எல்லாம் இடது பக்க ஸ்டியரிங். என்னுடையது வலது பக்கம். நம் ஊர்ச் சாலைக்கு ஏற்ற மாதிரி இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன், அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பின்னாளில் யாராவது மாற்றியும் இருக்கலாம்தான். ஆனால் வலது பக்க ஸ்டியரிங்கைப் பார்த்தால், “எப்போது, யார் மாற்றியது?” என்று கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

பெட்ரோல் ஊற்றும் இடம் இன்னொரு சாட்சி. போர்க்கால வண்டியில் டாங்க் டிரைவர் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. மெத்தையைத் தூக்கித்தான் ஊற்ற வேண்டும். மூடி வண்டியின் பக்கவாட்டில் வெளியே தெரிந்தால் அது போருக்குப் பின் வந்த சிவில் வண்டி. முன் கிரில்லில் கோடுகளை எண்ணுங்கள்: போர்க்காலத்துக்கு ஒன்பது, சிவிலுக்கு ஏழு. (1941 கடைசியிலும் 1942 தொடக்கத்திலும் வந்த வில்லிஸ்களில் தகட்டை வெட்டிய கிரில் இல்லை, கம்பிச் சட்டங்களைப் பற்றவைத்த கிரில். அது உங்கள் கண்ணில் படுமென்று எதிர்பார்க்க வேண்டாம்.) ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். என் வண்டியில் ஒன்பது கோடுதான் இருந்தது. யாரோ புதுக் கிரில் வாங்கி மாட்டியிருக்கிறார்கள்! நான் ஹெட்லைட்டைப் பார்த்திருந்தால் அவர்கள் குட்டு வெளிப்பட்டிருக்கும். அசல் வண்டியில் விளக்கு கிரில்லுக்குள்ளே பதுங்கி இருக்கும், கீலில் நிற்கும். இராத்திரி இஞ்சினைப் பழுது பார்க்க அதைப் பின்னால் திருப்பி இஞ்சின்மேலே வெளிச்சம் அடிக்கலாம். யுத்த நடுவில் உட்கார்ந்து இதை யோசித்தவனுக்கு ஒரு கும்பிடு.

கிரில்லுக்குக் கீழே குனிந்து பாருங்கள். சட்டத்தின் முன் குறுக்குத் தண்டு உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், சதுரமாக மடித்த தகடாக இருந்தால் ஃபோர்ட். ஃபோர்ட் வண்டியில் போல்ட் தலையிலும் உதிரிப் பாகங்களிலும் ஆங்கில ‘எஃப்’ எழுத்தைக் குத்தியிருப்பார்கள். ஹென்றி ஃபோர்டின் கம்பெனிக்கு அந்த விஷயத்தில் கூச்சமே இல்லை. ஆனால் இரண்டின் பாகமும் கலந்து கிடப்பதுதான் சகஜம். பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பே அப்படித்தான் பழுது பார்த்தது. கலந்திருந்தால் போலி என்று அர்த்தமில்லை, விலையைக் குறைக்கக் காரணம், அவ்வளவுதான்.

சரி, என் வண்டி என்ன? சிஜே-2ஏ. போர் முடிந்ததும் வில்லிஸ் கம்பெனி விவசாயிகளுக்காக விற்ற ஜீப், 1945 முதல் 1949 வரை வந்தது. பட்டாளத்தையே பார்க்காத வண்டிக்கு யாரோ செலவு பண்ணி சிப்பாய் வேஷம் போட்டிருக்கிறார்கள். விற்றவரிடம் சொன்னபோது, “எனக்கு விற்றவன் அப்படித்தான் சொன்னான் அண்ணே” என்றார். நிஜமாகவே இருக்கலாம். நான் விற்கும்போது உள்ளதைச் சொல்லித்தான் விற்றேன், 9,000 வெள்ளி நட்டம்.

நட்டத்தைவிட வேறொன்று உறுத்தியது. அந்த வண்டிக்குச் சொந்தக் கதை இல்லையா? இந்த ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. 1948 ஜூன் 16 காலையில் இங்கே எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பியத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதோடு தொடங்கிய அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. துரைமார்கள் கார்களுக்கும் ஜீப்புகளுக்கும் இரும்புத் தகடு அடித்து ஓட்டினார்கள். லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போகக் கூடாது, காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று கேட்டிலேயே ஸ்பெஷல் கான்ஸ்டபிள் தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பாராம். இதைப் பாட்டி சொல்லும்போதெல்லாம் கோபம் ஆறியிருக்காது. அந்தக் கேட்டின் வழியாக தினமும் போய் வந்தது தோட்டத்து ஜீப்பும் லேண்ட் ரோவரும்தான். பட்டாள நம்பர் இல்லாவிட்டால் என்ன, யுத்தத்தைப் பார்த்த வண்டிதானே? அதன்மேல் நார்மண்டியில் இறங்கிய நேச நாட்டுப் படையின் நட்சத்திரத்தை ஒட்டுவது, நம் தாத்தா படத்துக்கு வேறு யாரோ ஒருவரின் தொப்பியை வரைவது மாதிரி எனக்குப் படுகிறது. நீங்கள் மாறுபடலாம்.

அதனால் என் சிபாரிசு: முதல் வண்டியாக லேண்ட் ரோவர் வாங்குங்கள். அதுவும் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான வண்டி, அவசரகாலத்துக்கு ஒரு மாதமும் சில நாளும் மூத்தது. முதல் சீரிஸ், 1958இல் இரண்டாவது, 1961இல் ‘2ஏ’, 1971இல் மூன்றாவது. என்னிடம் இருப்பது 2ஏ, முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 88 அங்குலம், எங்கள் ஊருக்கு அருகிலுள்ள லாசா பக்கம் ஒரு டுரியான் தோட்டத்தில் கோழிகள் குடியிருந்த வண்டி.

வாங்கப் போகும்போது ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்துப் போங்கள். போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுத் தட்டுப்பாடு, அதனால் லேண்ட் ரோவர் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். காந்தம் ஒட்டாது. ஆனால் இஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவர் எஃகு. அங்கே ஒட்ட வேண்டும். கால் வைக்கும் இடத்தில் ஒட்டாவிட்டால் நீங்கள் பார்ப்பது எஃகு அல்ல, பெயிண்ட் அடித்த புட்டி. ஜீப்பென்றால் உடம்பு முழுக்க எஃகு, எல்லா இடத்திலும் ஒட்ட வேண்டும். போர்க்கால ஜீப்பில் தரைக்கு அடியில் தகடு மடித்த தண்டுகளுக்குள் மரச் சட்டம் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் மழையில் அந்த மரம் ஊறி, தகடு உள்ளிருந்தே அழுகும், மேலே ஒன்றும் தெரியாது.

உடம்பு அலுமினியம் என்று நிம்மதியாகிவிடாதீர்கள். லேண்ட் ரோவரின் சேஸிஸ் (அடிச்சட்டம்) எஃகுப் பெட்டி, அதுவும் உள்ளேயிருந்துதான் துருப்பிடிக்கும். சின்னச் சுத்தியலால் பின் குறுக்குத் தண்டையும் ஸ்பிரிங் தாங்கும் கைகளையும் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்றால் சரி. ‘டொப்’ என்றால் வீட்டுக்குப் போய்விடுங்கள். இஞ்சின் ஓடவில்லை என்பது பெரிய குறையே இல்லை, இஞ்சினைச் சரிபண்ணலாம். சேஸிஸ் போனால் வண்டி போன மாதிரி.

விற்பவர் “இது ஆர்மி லேண்ட் ரோவர்” என்றால் பேட்டரியைப் பாருங்கள். ரேடியோ பொருத்துவதற்காகச் செய்த பட்டாள வண்டிகள் 24 வோல்ட், சாதாரண வண்டி 12. போர்க்கால ஜீப் என்றால் வெறும் 6 வோல்ட்தான். யாராவது 12க்கு மாற்றியிருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன், தினமும் தள்ளுகிறவனுக்குத்தானே தெரியும் வலி.

இவ்வளவுக்கும் முன்னால் கிராண்ட், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரம். வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே கிராண்டின் படம் கேளுங்கள். அதிலுள்ள சேஸிஸ் எண்ணும் இஞ்சின் எண்ணும் வண்டியில் குத்தியிருப்பதோடு பொருந்த வேண்டும். நம் நாட்டுப் பழைய ஜீப்புகளில் பாதி வழியில் டீசல் இஞ்சின் மாற்றியது நிறைய. மாற்றியதை சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிந்திருந்தால் பரவாயில்லை. பதியாவிட்டால் பெயர் மாற்றப் போகும் அன்று தலைவலி. தோட்டத்துக்குள் மட்டுமே ஓடிய வண்டிக்குக் கிராண்டே இல்லாமல் இருக்கலாம். பட்டாள வண்டி என்றால் இஸட் எழுத்தில் தொடங்கும் எண்ணோடு இருந்திருக்கும், டெண்டரில் கழித்துவிட்டதற்கான தாள் எங்கே என்று கேளுங்கள். “பிறகு எடுத்துத் தரேன்” என்றால் தர மாட்டார். கிராண்ட் இல்லாத வண்டியை உதிரிப் பாகத்தின் விலைக்கு மேல் வாங்காதீர்கள்.

இரண்டாவது கேள்வி: மற்றப் பொருள்கள். துப்பாக்கி, தோட்டா, குண்டு பக்கம் போகவே வேண்டாம். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலும் குற்றம், 1971ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கிக் குற்றங்களுக்கு இன்னும் கடுமை. “ஓடாத துப்பாக்கிதான்” என்பதை போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிப் புரியவைக்க முடியாது. செம்பனை நடத் தோண்டும்போது துருப்பிடித்த குண்டு கிடைத்தால் தொடாமல் போலீசைக் கூப்பிடுங்கள்.

வாழைமர நோட்டு வேண்டுமானால் வாங்குங்கள். ஜப்பான்காரன் காலத்துப் பத்து வெள்ளி நோட்டில் வாழை மரம் இருக்கும், அதனால் அந்தப் பெயர். போர் முடிந்ததும் செல்லாக் காசான நோட்டு, ஏராளமாக மிஞ்சிக் கிடக்கிறது, பெரிய விலை கொடுக்காதீர்கள். தோட்டாப் பெட்டிகள் இன்னும் நல்ல சாமான். என் அத்தை ஒன்றில் பருப்பு போட்டு வைத்திருக்கிறார். எறும்பு நுழையாதாம், கேட்டால் தர மாட்டேன் என்கிறார். பிரிட்டிஷ் அரசுச் சாமான்களில் அம்புக்குறி ஒன்று குத்தியிருக்கும், அதைத் தேடுங்கள். ஆனால் அம்புக்குறியைப் புதிதாகக் குத்த ஒரு உளி போதும் என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும். ஹெல்மெட்டில் நகல்கள்தான் அதிகம். அவசரகாலத்தில் சரணடையச் சொல்லி விமானத்திலிருந்து போட்ட துண்டுத் தாள்களில் தமிழில் அச்சிட்டவையும் உண்டு. அதில் ஒன்று கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

பதக்கம் வாங்க நான் தயங்குவேன். அவசரகாலத்தில் போலீசிலும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களிலும் இருந்தவர்களுக்குக் கொடுத்த பதக்கத்தில் ‘மலாயா’ என்ற பட்டை இருக்கும், விளிம்பில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். அந்தப் பெயருக்கு ஒரு வீடு இருக்கிறது. விற்றவர் பேரனா, திருடனா என்று தெரியாமல் வாங்கத் தோன்றவில்லை. ஜப்பான் வாள் என்று யாராவது காட்டினால் எனக்கு ஆசையே வராது. தாத்தாவின் அண்ணனை 1943இல் ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில்பாதை போட லாரியில் ஏற்றிப் போனார்கள், திரும்பவில்லை. 415 கிலோமீட்டர்ப் பாதை, அதில் எந்த மைலில் என்றுகூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதன்பிறகு அந்த வாளை நடுக்கூடத்தில் மாட்டி வைக்க முடியுமா?

எங்கே தேடுவது? வலையில் தேடுவதற்கு முன் போர்ட்டிக்சன் இராணுவ அருங்காட்சியகத்துக்கும் கோலாலம்பூர் போலீஸ் அருங்காட்சியகத்துக்கும் போய் அசலைக் கண்ணால் பாருங்கள். லேண்ட் ரோவருக்கு கேமரன் மலைதான். ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக ஏறினால் காய்கறித் தோட்டங்களில் இன்றும் கீரைக் கூடை சுமக்கும் சீரிஸ் வண்டிகளைப் பார்ப்பீர்கள். பாகம் தெரிந்த ஃபோர்மேன்களும் அங்கேதான் இருக்கிறார்கள். அப்புறம் உங்கள் ஊர்ப் பழைய இரும்புக் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) நம்பர் கொடுத்து வையுங்கள். எனக்கு லாசா வண்டியைச் சொன்னது அவர்தான், டீ வாங்கிக் கொடுத்ததோடு சரி.

இந்தப் பக்கம் வந்தால் என் வண்டியை ஓட்டிப் பாருங்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள், பேட்டரி சார்ஜ் போட வேண்டும். அப்பா இடது பக்கம் ஏறி உட்கார்ந்துகொள்வார், கியர் மாற்றும்போதெல்லாம் திட்டுவார், கண்டுகொள்ள வேண்டாம்.